பார்சல் சோற்றை நம்பி யாழ்ப்பாணம் போகலாமா?



கல்வியியற் கல்லூரி முடித்த பிள்ளைகளுக்கு நியமனம் வருகிற ஒவ்வொரு முறையும் நம்ம ஊரில் ஒரே பேச்சுத்தான். "வெளி மாகாணமாம். யாழ்ப்பாணமாம். பிள்ளை சாப்பாட்டுக்கு என்ன செய்யும்?" எந்தப் பாடசாலை, எந்த வகுப்பு, எத்தனை மாணவர்கள் என்று கேட்பவர்கள் குறைவு. முதல் கேள்வியே சோறுதான். கேட்பதில் பிழையில்லை. அதற்கு நாம் வழமையாகக் கொடுக்கும் பதில்தான் பிழை என்று சொல்லவே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

அட்டாளைச்சேனையில் இரண்டு வருடம் விடுதிச் சாப்பாடு, ஒரு வருடம் கட்டுறு பயிற்சி. அதன் பிறகு கையில் நியமனக் கடிதம், தலையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ரைஸ் குக்கர், நூடில்ஸ், பிஸ்கட், ரின் மீன், உம்மா பொரித்துத் தந்த கருவாடு. "கண்ட கண்ட இடத்துல திண்டுராதீங்க மகள்" என்ற வசனமும் கூடவே வரும். நாங்கள் எல்லோரும் இப்படித்தான் பஸ் ஏறினோம். வவுனியா தாண்டும்போதே அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்கு வருவது எப்படி என்ற கணக்கு ஆரம்பித்துவிடும்.

இந்தக் கணக்குக்கு விலை இருக்கிறது. வெள்ளி பிற்பகல் பஸ்ஸைப் பிடிக்க ஒருவர் அவசரமாகக் கிளம்பினால் அவருடைய கடைசிப் பாடவேளை போகும். இரவு முழுக்கப் பயணம் செய்து திங்கள் காலை வந்து இறங்குபவர் தூக்கக் கண்ணோடு கரும்பலகைக்கு முன்னால் நிற்பார். அந்த வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு டீச்சரின் ஊர் எது என்பது முக்கியமில்லை, அதற்கு வேண்டியது பின்னக் கணக்கு விளங்குவது. தனியே இருக்கிற அறையில் மூன்று நேரமும் நூடில்ஸ் சாப்பிடுபவருக்கு அந்த ஊர் ஒருநாளும் ஊராகாது, பஸ் ஸ்டாண்டாகவே இருக்கும். இடமாற்றம் கேட்டுப் போடும் கடிதங்களுக்குப் பின்னால் எத்தனையோ நியாயமான காரணங்கள் உண்டு. பசியும் அதில் ஒன்று என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

ஹலால் பிரச்சினை என்பீர்கள். சரி, அதைப் பேசுவோம்.

யாழ்ப்பாணத்தில் எந்தச் சந்தியிலும் ஒரு சைவக் கடை இருக்கும். இறைச்சியே உள்ளே வராத இடம். தோசை, இட்லி, வடை, இடியப்பமும் சொதியும், மதியத்துக்கு வாழையிலைச் சோறு. பெரிய கடைப் பக்கம் மலாயன் கபே போன்ற பழைய கடைகளில் இலை போட்டுப் பரிமாறும் முறை இன்னும் இருக்கிறது. பெண்கள் தனியே வந்து இருந்து சாப்பிட்டுப் போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. (நம்ம ஊர் ஹோட்டல்களில் பெண்ணொருத்தி தனியே போய் ஒரு பிளேன்ரீ குடிக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். திரை போட்ட பெமிலி ரூம் இருந்தால் பாக்கியம், இல்லாவிட்டால் பார்சல்தான்.) இறைச்சி வேண்டுமென்றால் ஐந்து சந்திப் பக்கம் போகலாம். 1990 ஒக்டோபரில் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் அகதியாக வாழ்ந்து, யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்த நம்மவர்கள் சோனகத் தெருப் பகுதியில் இருக்கிறார்கள். வராமல் புத்தளத்திலேயே தங்கிவிட்டவர்களும் ஏராளம். திரும்பி வந்தவர்களிடம் ஒரு நேரம் சாப்பிட்டால், அந்தத் தெருவின் கதையையும் கேட்டுவிட்டு வரலாம்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. அப்ப மாவைக் கள்ளு விட்டுப் புளிக்க வைக்கும் வழக்கம் பழையது. இப்போது பல இடங்களில் ஈஸ்ட்தான், ஆனாலும் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது. கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். "ரீச்சர், இது உங்களுக்குச் சரிவராது, அதை எடுங்கோ" என்று அவர்களாகவே சொன்ன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கேட்காமலே வெறும் வயிற்றோடு அறைக்குப் போவது பேணுதல் அல்ல, கூச்சம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாம் வறுத்து, கறிவேப்பிலையும் சேர்த்து இடித்து ஒரே தூளாக வைத்திருப்பார்கள். அந்தத் தூள் போட்ட கத்தரிக்காய்க் கறியை முதல் தடவை சாப்பிடும்போது நம்ம வீட்டு ஆணத்தின் நினைவு வராது, கண்ணீர்தான் வரும். உறைப்பு அப்படி. இரண்டு கிழமையில் நாக்கு பழகிவிடும். பிறகு ஊருக்கு வந்து உம்மாவின் கறியில் "உறைப்புக் காணாது" என்று சொல்லி ஏச்சு வாங்குவது தனிக் கதை.

ஒடியல் கூழ் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அது சும்மா கடித்துத் தின்பதற்கு. ஒடியலை இடித்து மாவாக்கி, தண்ணீரில் ஊறவைத்து, கசப்பு நீரை ஊற்றிவிட்டு எடுக்க வேண்டும். மீன், நண்டு, றால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கை இலை எல்லாம் ஒரு பெரிய பானையில் கொதிக்க, புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்த்து, கடைசியில் அந்த மாவைக் கரைத்து விடுவார்கள். ஒருவருக்கு இதைக் காய்ச்ச முடியாது. பத்துப் பேராவது வேண்டும். ஒருவர் மீன் வெட்ட, ஒருவர் பயற்றங்காய் முறிக்க, ஒருவர் பனையோலையில் பிளா கோல. நம்ம சஹன் சாப்பாடு மாதிரித்தான், தனியே சாப்பிடுவதற்கென்று உண்டாக்கிய சாப்பாடு அல்ல அது. ஸ்டாப் ரூமில் "ஞாயிற்றுக்கிழமை கூழ் காய்ச்சுறம், வாங்கோ ரீச்சர்" என்று யாராவது கூப்பிட்டால், ஊருக்குப் போகும் பஸ்ஸை ஒரு தடவை விட்டுவிடுங்கள். பனங்காய்க் காலமென்றால் பணியாரமும் கிடைக்கும்.

மரியாதையும் பார்க்க வேண்டும். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். அந்த நாட்களில் எத்தனையோ வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. வாடகை அறை அப்படியான வீட்டில் என்றால், அந்த நாட்களில் கருவாட்டை அடுப்பில் போடக் கூடாது. மாட்டிறைச்சியை என்றைக்குமே அந்த வீட்டுக்குள் கொண்டு போகாமல் இருப்பதே அழகு. இதைச் சொல்லித்தர கல்வியியற் கல்லூரியில் பாடமில்லை. வீட்டில்தான் சொல்லி அனுப்ப வேண்டும்.

இப்போது நம்ம பக்கத்துக்கு ஒரு கேள்வி. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். நம்ம ஊர்ப் பாடசாலைக்கும் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளியிலிருந்து வருகிற தமிழ், சிங்களச் சகோதரிகள் மதியம் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை சைவம் இருப்பவருக்கு நம்ம கடைத்தெருவில் எங்கே சோறு? நோன்பு மாதம் வந்தால் பகலில் ஹோட்டல் எல்லாம் பூட்டு. நோன்புக் கஞ்சியை மாலையில் கொடுத்தனுப்புகிறோம், மாஷா அல்லாஹ், நல்ல விடயம். ஆனால் மதியம் இரண்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டாப் ரூம் மூலையில் பாணைக் கடித்துக்கொண்டிருப்பவரை நாம் காண்பதில்லை. யாழ்ப்பாணத்தில் நம்ம மகளுக்கு ஒருவர் சோறு போட வேண்டும் என்று எதிர்பார்க்கிற நாம், இங்கே அந்த மகளுக்கு ஒரு அறையும் ஒரு நேரச் சாப்பாடும் ஒழுங்கு செய்து கொடுக்கக் கூடாதா? பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலை அபிவிருத்திக் குழுவும் நினைத்தால் ஒரு கூட்டத்தில் முடிகிற வேலை இது. செலவும் பெரிதாக வராது. நோன்பிலும் சமைக்கிற வீடுகள் இருக்கின்றன, சிறு பிள்ளைகளும் நோயாளிகளும் இருக்கிற வீடுகள். அங்கிருந்து ஒரு தட்டு போதும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையை அனுப்பும்போது ரைஸ் குக்கரைக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே "அங்குள்ளவர்களோடு சேர்ந்து சாப்பிடுங்க, கேட்டுப் பார்த்துச் சாப்பிடுங்க" என்றும் சொல்லி அனுப்புங்கள். ரின் மீனைக் குறைத்துவிட்டு, ஸ்டாப் ரூமில் பகிர்ந்து தின்ன ஏதாவது கட்டிக் கொடுங்கள். யாழ்ப்பாணச் சமையலில் மாசி அவ்வளவாக இல்லை, நம்ம மாசிச் சம்பல் ஒரு போத்தல் போனால் ஒரே இடைவேளையில் முடிந்துவிடும். வட்டிலப்பம் கொடுத்தனுப்ப ஆசைதான், அந்தப் பஸ்ஸில் அது தாங்காது. தொதல் தாங்கும்.