கணக்கை முடிக்காதீர்கள்!

ஒரு வங்கி அதிகாரி இப்படித் தலைப்பு வைக்கலாமா என்று கேட்காதீர்கள். வராக்கடனைப் பற்றி எழுதப் போவதில்லை. மானுடவியலாளர் டேவிட் கிரேபர் எழுதிய 'கடன்: முதல் 5,000 ஆண்டுகள்' (2011) புத்தகத்தில் எனக்கு ஒத்துப்போகிற, ஒத்துப்போகாத விஷயங்களைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பி.காம். படித்தவர்களுக்கு முதல் பாடம் ஞாபகம் இருக்கும். ஆதியில் பண்டமாற்று இருந்தது. என்னிடம் நெல், உன்னிடம் மாடு. உனக்கு நெல் வேண்டாம் என்றால் சிக்கல். அதனால் பணம் வந்தது, பிறகு வங்கி, பிறகு கடன். ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதியதைப் பாடப்புத்தகங்கள் இன்றுவரை திருப்பிச் சொல்கின்றன. பேரம் பேசி மாற்றிக்கொள்வது மனிதனின் இயல்பு என்பது ஸ்மித்தின் கட்சி.

கிரேபரின் கேள்வி எளிமையானது. அப்படி ஒரு ஊரை யார் பார்த்தீர்கள்? கேம்பிரிட்ஜ் மானுடவியலாளர் கரோலின் ஹம்ஃப்ரி 1985-லேயே சொல்லிவிட்டார், முழுக்கப் பண்டமாற்றிலேயே ஓடிய ஒரு சமூகத்தைக்கூட யாரும் கண்டு எழுதியதில்லை என்று. பண்டமாற்று உண்டு. ஆனால் பெரும்பாலும் அந்நியர்களோடு, அல்லது பணம் பழகிய ஊரில் பணத்துக்குத் தட்டுப்பாடு வரும்போது. அக்கம்பக்கத்தில் நடந்ததெல்லாம் "இப்ப எடுத்துட்டுப் போ, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதுதான். மெசபொடேமியாவில் நாணயமே இல்லாத காலத்தில் கோயில் கணக்கர்கள் களிமண் பலகையில் கடனை எழுதி வைத்தார்கள். வெள்ளியின் எடையில் கணக்கு, கட்டியது பெரும்பாலும் பார்லியாக. நாணயம் வந்ததோ அதற்கு இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் கழித்து, இன்றைய துருக்கியின் மேற்கே இருந்த லிடியாவில். ஆக, நம் லெட்ஜர் காசைவிட மூத்தது!

புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இன்னொன்று. நைஜீரியாவின் டிவ் மக்களிடையே தங்கிய லாரா பொஹானன் என்ற மானுடவியலாளருக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சோளம், தக்காளி, வேர்க்கடலை என்று கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் செய்ய வேண்டும், ஆனால் சரிசமமாகச் செய்யக் கூடாது. கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்க வேண்டும். எதுவும் கொடுக்காமல் இருந்தால் நீ சுரண்டுகிறவள். சரியாக அதே மதிப்புக்குக் கொடுத்தால், உன் சகவாசம் எனக்கு வேண்டாம் என்று அர்த்தம்.

நமக்கு இது புதிதா என்ன? பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று நம் அம்மாக்கள் சொன்னது வேறென்ன? புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கத்து மொய் விருந்தைப் பாருங்கள். நோட்டுப் போட்டு, பைசா விடாமல் எழுதுகிறார்கள். ஆனாலும் பழைய மொய்யைத் திருப்பிச் செய்யும்போது அதற்கு மேல் புது மொய்யும் வைக்கிறார்கள். கணக்கு திறந்தே இருக்கிறது. வாங்கியதை மட்டும் வைத்துவிட்டு எழுந்தால், இத்தோடு முடித்துக்கொள்கிறேன் என்று பொருள்.

இனி ஒத்துப்போகாத இடத்துக்கு வருகிறேன். பொதுவான கடப்பாடு கடனாக மாறுவது துல்லியமான எண் வரும்போதுதான், அந்த எண்தான் மனிதனை மனிதன் ஈவிரக்கமில்லாமல் நடத்த வழி செய்கிறது என்கிறார் கிரேபர். பாதி உண்மை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருபது வருடம் உட்கார்ந்தவனுக்கு மறு பாதியும் தெரியும். எண் இல்லாத கடனைவிடக் கொடிய கடன் கிடையாது. "உங்க தாத்தா காலத்துல எங்க வீட்டுல செஞ்சது" என்ற ஒரு சொல்லுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் உழைத்தவர்கள் உண்டு. அவர்களுக்குக் கணக்குப் புத்தகம் காட்டப்படவே இல்லை. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் சட்டம் போட வேண்டி வந்தது. அந்த மனிதனுக்கு வட்டி இவ்வளவு, தவணை இவ்வளவு, கடைசித் தேதி இது என்று ஒரு காகிதம் கிடைப்பது விடுதலை. கடைசித் தவணை கட்டிவிட்டு அவன் மேனேஜர் முன்னால் தலைநிமிர்ந்து நிற்கலாம். பண்ணையார் முன்னால் அது முடியுமா?

அதனால் என் கருத்து இதுதான். மேலே இருப்பவனிடம் பட்ட கடனை எண்ணி, எழுதி, முடித்துவிட வேண்டும். சமமானவர்களிடம் முடிக்கவே கூடாது. நம் காலத்தில் இது தலைகீழாக நடக்கிறது என்பதுதான் என் கவலை.

இங்கே மும்பையில் நம் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து தோசை சாப்பிட்டால், கை கழுவும் முன்பே "உன் பங்கு 183 ரூபாய்" என்று போனில் வந்துவிடுகிறது. "இன்னிக்கு நான், அடுத்த தடவை நீ" என்பதில் அடுத்த தடவை சந்திப்போம் என்ற வாக்கு இருந்தது. இப்போது பாக்கியும் இல்லை, வாக்கும் இல்லை.

பிள்ளைகளை மட்டும் சொல்வானேன்? மாதம் ஒன்றாம் தேதி ஊருக்குப் பணம் அனுப்பியதும் கடமை முடிந்தது என்று நினைக்கும் பெரியவர்கள் நம்மில் குறைவா? அப்பாவை ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன தம்பிக்கும், உடன் விழித்திருந்த தம்பி மனைவிக்கும் எந்தத் தொகையை எழுதுவது? "நான்தான் மாசாமாசம் அனுப்புறேனே" என்ற வாக்கியம் கணக்கில் சரியாக இருக்கலாம். ஆனால் கூடப் பிறந்தவனை அது சம்பளத்துக்கு வைத்த ஆளாக்கிவிடுகிறது. பணத்தை அனுப்புங்கள், கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் அதற்குப் பிறகும் அவனுக்கு நாம் பாக்கிதான் என்பதை அவன் காதுபடச் சொல்லுங்கள்.

வங்கியில் நிலுவை இல்லை என்று சான்றிதழ் தருவோம். வாங்குகிறவர் முகத்தில் நிம்மதி தெரியும், அதன்பிறகு அவர் எங்களைத் தேடி வரவேண்டிய அவசியமில்லை. குடும்பத்தில் அப்படி ஒரு சான்றிதழை நம்மில் எத்தனை பேர் விரும்புவோம்?