சாட்சிகள் மறையலாம், சான்று மறையலாகாது

ஒரு வழக்கின் இறுதிச் சாட்சியும் இறந்துபட்ட பின்னர் அவ்வழக்கின் கதி யாது? சட்டம் பயின்றோர் அறிந்த பழைய வினா இது. இருபதாம் நூற்றாண்டின் மாபெருங் கொடுமையாகிய யூத இனப்படுகொலையைப் பொறுத்தமட்டில் இன்று இது வெறும் ஏட்டு வினா அன்று. ஹிட்லரின் ஆட்சியும் அதன் கையாட்களும் 60 இலட்சம் யூதரைக் கொன்றொழித்தனர். அவர்களுள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் சிறுவர். அவுஷ்விட்ஸ் முகாமில் மட்டும் ஏறத்தாழ 11 இலட்சம் மக்கள் மாண்டனர். 1945 ஜனவரி 27ஆம் நாள் சோவியத் படை அம்முகாமின் வாயிலை அடைந்தபோது பத்து வயதுச் சிறுவனாக இருந்தவன் இன்று தொண்ணூறைக் கடந்த முதியவன். உயிர்தப்பியோருக்கு இழப்பீடு பெற்றுக்கொடுக்கும் யூத அமைப்பு, 2024 ஜனவரியில், உலகெங்கும் ஏறத்தாழ 2,45,000 பேரே எஞ்சியிருப்பதாகக் கணக்கிட்டது. ஆண்டுதோறும் அத்தொகை அருகி வருகின்றது.

சாட்சிகள் மறையும் வேளைக்காக ஒரு கூட்டம் காத்திருக்கின்றது. ‘அப்படியொன்று நடக்கவேயில்லை’ என்றும், ‘நடந்தது மிகைப்படுத்தப்பட்டது’ என்றும் கூறும் கூட்டம் அது. முன்னாளில் அவர்கள் துண்டுப்பிரசுரம் அச்சிட்டு ஒளிந்து விநியோகித்தனர். இன்றோ கைத்தொலைபேசி வழியே ஒவ்வொரு வீட்டிலும் புகுகின்றனர். யுனெஸ்கோவும் ஐக்கிய நாடுகள் சபையும் 2022இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். இப்படுகொலை பற்றிய ஏறத்தாழ 4,000 பதிவுகள் ஆராயப்பட்டன. டெலிகிராமில் நூற்றுக்கு 49 பதிவுகள் மறுப்பாகவோ திரிப்பாகவோ இருந்தன. டுவிட்டரில் நூற்றுக்கு 19, டிக்டொக்கில் 17, பேஸ்புக்கில் 8, இன்ஸ்டகிராமில் 3. பாடநூலைத் திறக்காத பிள்ளையும் நாள்தோறும் திறக்கும் ஏடு எதுவோ, அந்த ஏட்டிலேயே இந்நஞ்சு கலந்துள்ளது.

‘ஐரோப்பாவில் நடந்ததற்கும் நம் பிள்ளைகளுக்கும் என்ன தொடர்பு?’ என்று வினவுவோர் தத்தம் வீட்டுப் பிள்ளைகளின் தொலைபேசியைச் சற்றே நோக்குவாராக. ஹிட்லரின் படத்தின் கீழ், அவன் எங்கே சொன்னான், எப்போது சொன்னான் என்ற குறிப்பு எதுவுமின்றி, ‘ஹிட்லரின் பொன்மொழிகள்’ என்று தமிழிலே உலவுவதைக் காண்பர். தன்னம்பிக்கைக்கு அவன் எடுத்துக்காட்டாம்! விடாமுயற்சிக்கு அவன் இலக்கணமாம்! குழந்தைகளை நச்சுப்புகைக்கு அனுப்பியவனின் வாயில் அறநெறி வாசகத்தைத் திணித்து, அதை நம் இளைஞர் ஒருவருக்கொருவர் காலை வணக்கமாக அனுப்புகின்றனர். இது தீய நெஞ்சத்தால் நேர்ந்ததன்று. கற்பிப்பார் இன்மையால் நேர்ந்தது.

நஞ்சு எவ்வழி வருகின்றதோ, மருந்தும் அவ்வழி செல்லவேண்டும். ஆதலின் சமூக ஊடகங்கள் வாயிலாக இவ்வரலாற்றை இளையோருக்குக் கற்பிக்கும் முயற்சியை நாம் ஆதரிக்கின்றோம். ஆனால், எப்படிக் கற்பிப்பது என்பதிலேயே பிழையும் பெருந்தீங்கும் நேரக்கூடும்.

2019 மே மாதத்தில் இன்ஸ்டகிராமில் ‘இவா கதைகள்’ என்னும் தொடர் வெளியாயிற்று. இவா ஹேமன் ஹங்கேரிய யூதச் சிறுமி. செய்திப் புகைப்படக்காரியாக வரவேண்டுமென்பது அவள் அவா. 1944இல், தன் பதின்மூன்றாவது பிறந்தநாளில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினாள். மார்ச் 19இல் ஜேர்மன் படை ஹங்கேரியைக் கைப்பற்றியது. மே நடுப்பகுதி முதல் ஜூலை முற்பகுதி வரை, எட்டு வாரங்களுக்குள், 4 இலட்சத்துக்கு மேற்பட்ட ஹங்கேரிய யூதர் புகையிரதங்களில் அடைத்து அனுப்பப்பட்டனர். அவர்களுள் மிகப்பெரும்பாலோர் சேர்ந்த இடம் அவுஷ்விட்ஸ். அவ்வாண்டு ஒக்டோபரில் இவாவும் அங்கே கொல்லப்பட்டாள். ‘அவள் கையில் இன்றைய தொலைபேசி இருந்திருப்பின்?’ என்ற கற்பனையின் மேல் எழுப்பப்பட்டதே அத்தொடர். ‘மாண்டோரை விளையாட்டுப் பொருளாக்குவதா?’ என்று பலர் சினந்தனர். அச்சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், 1944இல் கைத்தொலைபேசி இல்லை என்பது காண்போர் யாவருக்கும் தெரியும். கற்பனை எது என்பது ஒளிவுமறைவின்றி விளங்குகின்றது. அறிவித்துவிட்டுப் போடும் வேடம் வஞ்சனை ஆகாது.

2021 மே முதல் 2022 பெப்ரவரி வரை ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனங்கள் இரண்டு நடத்திய தொடரோ வேறுவகையது. நாசிகளை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் வழங்கியமைக்காக 1943 பெப்ரவரி 22இல் தலை வெட்டப்பட்ட மாணவி சோபி ஷோலின் இறுதி மாதங்களை, நடிகை ஒருவர் அவளாகவே நின்று அன்றாடம் பதிவிட்டார். வரலாற்று ஆவணமும் கதாசிரியர் புனைந்ததும் ஒன்றோடொன்று கலந்தன. இளையோர் பலர், சோபியே மறுமொழி கூறுவதுபோல எண்ணி அவளோடு உரையாடினர். எது ஆவணம், எது புனைவு என்பதைப் பிரித்தறிய வழி போதவில்லை என்று ஆசிரியரும் ஆய்வாளரும் கண்டித்தனர். நோக்கம் நல்லதே. ஆயினும் நல்ல நோக்கம் பொய்ச்சான்றை மெய்ச்சான்றாக்காது.

இதனினும் கொடிது இப்போது வந்துள்ளது. செயற்கை நுண்ணறிவால் தீட்டிய முகங்களை, அவுஷ்விட்ஸில் மாண்டோரின் ஒளிப்படங்கள் என்று சொல்லிச் சில பேஸ்புக் பக்கங்கள் பரப்பலாயின. இல்லாத குழந்தைக்கு ஒரு பெயர். நிகழாத சம்பவத்துக்கு ஒரு கண்ணீர்க் கதை! 2025இல் அவுஷ்விட்ஸ் நினைவகமே இதற்கெதிராகக் குரல் எழுப்பியது. படம் பார்த்து உருகும் மனம் நல்ல மனமே. ஆனால் நாளை அப்படம் பொய்யென்று தெரியவரும்போது, மறுப்பாளன் என்ன கூறுவான்? ‘இது பொய்யாயின், மற்றவையும் பொய்யே’ என்பான். ஒரு பொய்ச்சான்று நூறு மெய்ச்சான்றுகளைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும் என்பதை நீதிமன்றம் ஏறிய எவரும் அறிவர்.

இங்கே இலண்டனில் நடந்த ஒரு வழக்கை நினைவூட்ட விழைகின்றோம். தம்மை இனப்படுகொலை மறுப்பாளர் என்று எழுதியமைக்காக, டேவிட் இர்விங் என்பார் வரலாற்றுப் பேராசிரியை டெபோரா லிப்ஸ்டாட் மீதும் அவர்தம் பதிப்பகத்தார் மீதும் மானநட்ட வழக்குத் தொடுத்தார். ஆங்கிலச் சட்டப்படி, எழுதியது உண்மையென நிரூபிக்கும் சுமை எதிராளியின் தோளில் விழுந்தது. உயிர்தப்பியோரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதில்லை என்று எதிராளியின் சட்டத்தரணிகள் முடிவு செய்தனர். முதியோரைக் குறுக்கு விசாரணையில் இழிவுபடுத்த இடங்கொடுக்க அவர்கள் விரும்பவில்லை. மாறாக, இர்விங்கின் நூல்களிலுள்ள அடிக்குறிப்புகளை மூல ஆவணங்களோடு ஒவ்வொன்றாக ஒப்புநோக்கினர். 2000 ஏப்ரல் 11இல் நீதியரசர் கிறே தீர்ப்பளித்தார். இர்விங் தமது கொள்கைக்காக வரலாற்றுச் சான்றுகளைத் தெரிந்தே திரித்தார் என்பதே தீர்ப்பு. உயிர்தப்பியோர் ஒருவரும் சாட்சிக் கூண்டில் ஏறாத அவ்வழக்கில் ஆவணம் வென்றது! சாட்சிகள் மறைந்த பின்பும் உண்மை வெல்லும் என்பதற்கு இதனினும் வேறு உறுதி வேண்டுமோ? ஆனால் ஒரு நிபந்தனை: ஆவணக் குவியலில் போலி கலக்கலாகாது.

மாண்டவர்களே இதை நன்குணர்ந்திருந்தனர். வார்சோ நகரில் யூதரை அடைத்து வைத்த சேரியில், இமானுவெல் றிங்கல்புளூம் என்ற வரலாற்றாசிரியரும் அவர்தம் தோழரும் இரகசியமாக ஒரு சுவடிக்கூடம் நடத்தினர். பங்கீட்டு அட்டை, சுவரொட்டி, கடிதம், பள்ளிப்பிள்ளையின் கட்டுரை என அகப்பட்ட யாவற்றையும் திரட்டினர். தகரப்பெட்டிகளிலும் பால் கொள்கலன்களிலும் இட்டு மண்ணுள் புதைத்தனர். ஒரு பகுதி 1946இலும் மற்றொரு பகுதி 1950இலும் தோண்டி எடுக்கப்பட்டன. இன்னொரு பகுதி கிடைக்கவேயில்லை. றிங்கல்புளூம் 1944இல் கொல்லப்பட்டார். பஞ்சத்திலும் விதைநெல்லைத் தின்னாது காக்கும் உழவனைப் போன்று, சாகுந் தறுவாயிலும் சான்றைக் காத்தவர்கள் அவர்கள். அந்த விதைநெல்லில் பதரைக் கலக்க நமக்கு என்ன உரிமை?

மெய்ச்சான்றும் புதிய கருவியும் இணங்கி நடக்கமுடியாதவை அல்ல. லிலி எபேட் அம்மையார் 1944 ஜூலையில் ஹங்கேரியிலிருந்து அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். தாயையும் ஒரு தம்பியையும் ஒரு தங்கையையும் அங்கே இழந்தவர். 2021இல், தொண்ணூறைத் தாண்டிய வயதில், பூட்டப்பிள்ளையின் துணையோடு டிக்டொக்கில் பேசத் தொடங்கினார். கையில் பச்சை குத்திய எண்ணைக் காட்டினார். சிறுவர் கேட்ட கேள்விகளுக்குச் சுருங்கிய சொற்களில் விடை கூறினார். வேடமில்லை, கண்டவர் கண்டதைச் சொன்னார். இலட்சக்கணக்கானோர் செவிசாய்த்தனர். 2024 ஒக்டோபரில், தமது நூறாவது வயதில், அவர் மறைந்தார். அவுஷ்விட்ஸ் நினைவகமும் அவ்வாறே. மாண்டவர் ஒருவரின் மெய்யான ஒளிப்படம், பிறந்த நாள், ஊர், முடிவு என இரண்டொரு வரிகளை நாள்தோறும் வெளியிடுகின்றது. அலங்காரம் அணுவளவும் இல்லாத அவ்வரிகளே கல்நெஞ்சையும் அசைக்கின்றன.

‘சட்டத்தால் தடுத்தால் போதாதா?’ என்பர் சிலர். பிரான்சில் 1990 முதலும் ஜேர்மனியில் 1994 முதலும் இம்மறுப்பைத் தண்டிக்கச் சட்டவிதி உண்டு. சட்டம் களை பிடுங்கும், பயிரை நடாது. நிறுவன முதலாளிகளின் நல்லெண்ணத்தை நம்புவதோ பெரும் பேதைமை. மறுப்புப் பதிவுகளை அகற்றமாட்டோம் என்று 2018இல் கூறியவர் பேஸ்புக் அதிபர் சக்கர்பேர்க். 2020 ஒக்டோபரில் அவற்றைத் தடைசெய்தவரும் அவரே. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டபோது அத்தளத்தில் பரவிய வெறுப்புரையை இந்நாடு மறக்கவில்லை. தன் பங்குக்காக அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில்! எரிந்த வீட்டுக்கு இரண்டாண்டு கழித்து வந்த தண்ணீர் அது.

ஆகவே, பெற்றோரும் ஆசிரியரும் இளைஞர் மன்றங்களும் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சிலவற்றை முன்வைக்கின்றோம். முதலாவது: பெயர், இடம், நாள், மூலம் என்ற நான்கும் இல்லாத படத்தையோ கதையையோ நம் பிள்ளைகள் பிறருக்கு அனுப்பலாகாது. இரண்டாவது: நடிப்பாயின் நடிப்பென்றும், புனைவாயின் புனைவென்றும் முகப்பிலேயே கூறப்படல் வேண்டும். மூன்றாவது: ஒரு நிமிடக் காட்சி வாயிற்படியே அன்றி வீடு அன்று, காட்டியபின் வகுப்பறையில் ஒரு மணி நேரமேனும் ஆசிரியர் அமர்ந்து, வாக்குரிமை பறிப்பிலும் கடைப் புறக்கணிப்பிலும் தொடங்கிய ஒன்று எவ்வாறு நச்சுப்புகை அறையில் முடிந்தது என்பதை விளக்கவேண்டும். நான்காவது: ஹிட்லரின் ‘பொன்மொழி’ வரும்போது பிள்ளையை ஏசாமல், ‘இதற்குச் சாட்சி யார்?’ என்று கேட்கப் பழக்கவேண்டும். தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு அன்றோ?

காஸாவில் இஸ்ரேல் அரசு புரிந்தவற்றைக் கண்டு கொதிக்கும் இளைஞர், ‘இவ்வரலாற்றை நாம் ஏன் படிக்கவேண்டும்?’ என்று கேட்பதையும் அறிவோம். ஓர் அரசைக் கண்டிப்பது வேறு. அவ்வரசு பிறக்குமுன்னரே கொல்லப்பட்ட குழந்தைகளை மறுப்பது வேறு. மாண்டோர் எந்த அமைச்சரவைக்கும் சொந்தமல்லர்.

நாமும் உலகின் முன் சாட்சிகளோடு நிற்கும் மக்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி 2017 முதல் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் பலர், விடை கிடைக்குமுன்னரே கண்மூடினர். இலங்கை பற்றிய சான்றுகளைத் திரட்டிப் பேணுமாறு ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் தீர்மானித்தது. ஒரு துயரை மற்றொரு துயரோடு தராசில் இடுவது நம் கருத்தன்று. ஆனால், ‘எங்கள் தாய்மாரின் சொல்லைக் கேளுங்கள்’ என்று உலகை வேண்டுவோர், பிறர் தாய்மாரின் சொல்லைப் பொய்யும் புனைவும் மூட விட்டிருப்பது அறமாகுமோ? அயலார் சான்றைப் போற்றக் கற்ற பிள்ளையே தன் இனத்தின் சான்றையும் பழுதின்றிப் போற்றுவான். அக்கல்வியை இன்றே, அவன் கையிலுள்ள கருவியிலிருந்தே தொடங்குவோமாக!