பனி இல்லையாம், பணம் போச்சாம்!

2024 ஜனவரி. ஒலக்கூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு டீக்கடை. டி.வி.யில் குல்மார்க். வெள்ளையாக இருக்க வேண்டிய சரிவு முழுக்கக் காய்ந்த புல். அதன் முன்னால் நின்று ஒரு குடும்பம் புலம்புகிறது: ‘இவ்வளவு செலவு பண்ணி வந்தோம், பனியே இல்லை!’ செய்தி வாசித்தவரும் கூடச் சேர்ந்து உச்சுக் கொட்டிவிட்டு சினிமாவுக்குப் போய்விட்டார்.

டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “ஏம்பா, பனி பெய்யலன்னா அந்த ஊர்ல கழனிக்குத் தண்ணி?”

இந்தக் கேள்வி ஏன் சார் டி.வி.க்குத் தோணலை?

ஒலக்கூர்க்காரருக்குத் தோணும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி ரொம்பினால்தான் அவருக்குக் கழனி. காஷ்மீரில் அந்த ஏரி மலை மேலே இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். டிசம்பர் 21-லிருந்து 40 நாளை ‘சில்லை கலான்’ என்பார்கள். அப்போது விழுகிற பனி இறுகிக் கிடந்து, வெயில் ஏற ஏற உருகி, ஊற்றாகவும் ஓடையாகவும் ஜீலம் நதியாகவும் நெல்லுக்கும் ஆப்பிளுக்கும் வருகிறது. பிந்தி மார்ச்சில் கொட்டினால் போதாதா என்கிறீர்களா? அது சீக்கிரமே உருகி ஓடிவிடும். தை மாசம் பெய்து, விளைந்த நெல்லைச் சாய்க்கிற மழையால் நமக்கு என்ன லாபம்?

பனிச்சறுக்குக்காரர்கள் உயிரை விடுவதும் இதே பனிக்குத்தான். கடுங்குளிரில் ஈரம் குறைவாக, கோலமாவு மாதிரி விழும். உருண்டை பிடித்தால் நிற்காது. அதில் முழங்கால் புதையச் சறுக்குவதற்கென்றே வெளிநாட்டிலிருந்து வந்து, ரோப் காரில் சுமார் 13,000 அடி உயரத்துக்குப் போகிறார்கள். தாராளமாகச் சறுக்கட்டும். (மார்கழிப் பனிக்கே மஃப்ளர் கட்டுகிற ஆள் நான்.) 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் ஒரே வீரரான ஆரிஃப் கான், குல்மார்க் சரிவில் பழகியவர்தான்.

2025 பிப்ரவரியில் மறுபடி அதே கதை. பனி போதாமல், குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா போட்டிகள் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. அது இங்கேயும் செய்தி. அதே பிப்ரவரியில் அனந்த்நாக் மாவட்டத்தில், மொகலாயர்கள் தோட்டம் போட்ட அச்சபல் ஊற்று வறண்டது. அதை நம்பிய கிராமங்கள் குடிதண்ணிக்குத் திண்டாடின. இது எத்தனை பேர் கண்ணில் பட்டது? போட்டியைத் தள்ளிவைக்கலாம். நடவை எத்தனை நாள் தள்ளிவைப்பது?

‘சுற்றுலாவும் பிழைப்புதானே சார்’ என்பீர்கள். வாஸ்தவம். குதிரைக்காரருக்கும் ஸ்லெட்ஜ் இழுக்கிறவருக்கும் அன்றைக்குக் கூலி போச்சு. ஆனால் நான் பார்த்த செய்தியில் மைக் அவர்களிடமும் நீளவில்லையே!

புழல் எத்தனை அடி, செம்பரம்பாக்கம் எத்தனை அடி என்று நமக்கு ஒப்பிக்கத் தெரிகிறது. அதே வாயால் குல்மார்க்கில் எத்தனை அடி பனி, போன வருஷம் எவ்வளவு, ஜீலத்தில் தண்ணி எவ்வளவு என்று ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஹோட்டல் ரூம் வாடகையை மட்டும் பைசா பிசகாமல் சொல்கிறார்கள்.