கோட்டையின் வெறுமையும் வெள்ளவத்தையின் நெரிசலும்

கொழும்பின் உயர் கட்டடங்கள் பற்றி இரு கூற்றுகள் அடிக்கடி செவிப்படுகின்றன. வானளாவிய கோபுரங்களே வளர்ச்சியின் அடையாளம் என்பது ஒன்று. தொடர்மாடிகள் வெள்ளவத்தையைப் பாழாக்கிவிட்டன, இனி அங்கு ஒன்றும் எழலாகாது என்பது மற்றையது. இரண்டும் ஒரே தவற்றிற் பிறந்தவை. உயரம் வேறு, அடர்த்தி வேறு என்பதை இரு சாராருமே உணர்ந்திலர்.

2019இல் திறந்துவைக்கப்பட்ட தாமரைக் கோபுரம் ஏறத்தாழ 350 மீற்றர் உயரமானது. அதில் ஒரு குடும்பமேனும் வாழ்வதில்லை. காலி வீதியிலிருந்து கடல் நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலோ ஒரு குடும்பம் வாழ்ந்த வளவிற் பத்துப் பதினைந்து குடும்பங்கள் வாழ்கின்றன. கட்டடம் உயர்ந்தது; ஒழுங்கை பழைய அகலத்திலேயே கிடக்கின்றது. எதிரெதிரே இரு வாகனங்கள் வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டும்.

இந்நெரிசலைக் காணி வியாபாரிகளின் பேராசை என்று மட்டும் கூறி ஒதுக்குவோர் வரலாற்றை மறந்தவராவர். 1983இன் பின்னரும், போர் நீடித்த ஆண்டுகளிலும் வடக்குக் கிழக்கிலிருந்து வந்தோர் தம் மொழி பேசுவோர் நடுவே வாழும் இடத்தையே நாடினர். கடல் கடந்த பிள்ளைகள் அனுப்பிய பணம் பெற்றோருக்கு அங்கே வீடாயிற்று. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. சொந்த வீட்டின் உறுதி கையில் இருப்பதன் பெறுமதி அத்தகைய நாளிலேயே விளங்கும். கொட்டாஞ்சேனைக்கும் இது பெரிதும் பொருந்தும். இவ்விடங்களிற் கட்டுதலைத் தடுத்தால் வாடகை ஏறும். வசதியற்றோரே முதலில் வெளியேறுவர். ஆகவே அடர்த்தி அங்கு இருந்தே தீரும். அதற்கு எட்டு மாடி போதும். போதாதிருப்பவை வடிகாலும் கழிவுநீர்க் குழாயுமே.

அப்படியாயின் நாற்பது மாடிக்கு உரிய இடம் எது? கரையோர, பிரதான, புத்தள, களனிவெளி ரயில்கள் யாவும் வந்துசேருமிடம் கோட்டை. பகலில் அங்கு குவியும் மக்கள் மாலையானதும் அவ்வழிகளாலேயே கலைந்துவிடுகின்றனர். 1996 ஜனவரியில் மத்திய வங்கி தகர்க்கப்பட்டது. 1997 ஒக்டோபரில் இரட்டைக் கோபுரங்கள் திறக்கப்பட்ட சில நாள்களுள் அருகே மீண்டும் குண்டு வெடித்தது. தடைவேலிகள் சூழ்ந்த அக்காலத்திற் கோட்டையின் இரவு வெறிச்சோடியதற்குக் காரணம் இருந்தது. போர் முடிந்தது 2009இல். இன்றும் அங்கே வீடுகள் அரிதாயிருப்பதற்கு என்ன காரணம் கூறுவர்?

மாறாக, ரயில் எட்டாத துறைமுக நகருக்கெனக் கடலிலிருந்து 269 ஹெக்டெயர் நிலம் மீட்கப்பட்டது. வனாத்தமுல்லை, மட்டக்குளி முதலிய இடங்களிலோ, நிலத்தோடு ஒட்டி வாழ்ந்த ஏழைகள் பன்னிரண்டு மாடிகளுக்கு மேல் ஏற்றப்பட்டனர். மின்தூக்கி பழுதுற்றால் தள்ளுவண்டிக்காரன் செய்வது யாது? உயரத்தின் செலவைத் தாங்கவல்லார் கோட்டையில் உயர வாழட்டும். தாங்கவியலாதார் தாழ்ந்த மாடிகளில் வாழட்டும்.

பழைமையான கோட்டையும் புறக்கோட்டையும் சிதையுமே என்பர் சிலர். நியாயமான அச்சந்தான். பொன்னம்பலவாணேசுவரர் கோயிலருகே கோபுரம் எழுப்புமாறு எவரும் கேட்கவில்லை. மருதானை வரை பரந்து கிடக்கும் ரயில்வே நிலம் போதாதா? அங்கு நாற்பது மாடிக்கு அனுமதி கேட்போரிடம், குடியிருப்புக்கு எத்தனை மாடி என நகர அபிவிருத்தி அதிகார சபை முதலிற் கேட்கட்டும். வெள்ளவத்தையில் எட்டு மாடி கேட்போரிடம் வடிகாலுக்குரிய பங்கை அறவிட்டு, அதனை அந்த ஒழுங்கையிலேயே செலவிடட்டும்.