இனுயிட் மக்களுக்குச் செம்பை உருக்கத் தெரியாதா? கேள்வியே தப்பு!

கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம்... பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்த வரிசை இது. இதை வகுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் தாம்சன். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் சேர்ந்துகிடந்த பழம்பொருட்களை ஒழுங்காக அடுக்க அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அலமாரி அடுக்க வந்த வரிசை, போகப் போக மனிதர்களுக்கே மார்க் போடும் அளவுகோலாகிவிட்டது. உலோகத்தை உருக்கினால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில்!

அந்தப் பரீட்சையில் ஃபெயில் ஆக்கப்பட்டவர்களில் ஒரு பிரிவினர், கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயின்னைட் மக்கள். ‘செம்பு இனுயிட்’ என்பது வெளியார் வைத்த பெயர். கத்தி, அம்பு முனை, ஈட்டி முனை, தூண்டில் முள் என எல்லாவற்றுக்கும் செம்பைப் பயன்படுத்தியவர்கள். ஆனால், அதை அவர்கள் உருக்கவில்லை, தட்டினார்கள். அதனாலேயே ‘கற்கால மனிதர்கள்’ என்ற முத்திரை விழுந்தது. அந்தப் பொருட்களை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடையோ வேறு.

உருக்க வேண்டிய அவசியம் என்ன?

உலகின் பல இடங்களில் செம்பு, தாதுவாகத்தான் கிடைக்கும். கல்லோடு கலந்திருக்கும் அதை உலையில் இட்டுத்தான் பிரித்தெடுக்க வேண்டும். ஆனால், காப்பர்மைன் ஆற்றுப் பகுதியிலும் விக்டோரியா தீவிலும் செம்பு உலோகமாகவே, கட்டிகளாகக் கிடைக்கிறது. அதுவும் ரொம்பச் சுத்தமாக. பிரித்தெடுக்க எதுவுமே இல்லாத இடத்தில் உலை எதற்கு?

செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மரங்களே அரிதான அந்தப் பனி நிலத்தில் எரிக்கக் கிடைப்பவை குட்டைப் புதர்கள், கரை ஒதுங்கும் மரக்கட்டைகள், சீல் கொழுப்பு. இதை வைத்துக்கொண்டு உலை மூட்டுவது புத்திசாலித்தனம் அல்ல, விரயம்.

சரி, சும்மா தட்டினால் போதுமா? போதாது. ஒரு செம்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் வளைத்த இடம் விறைத்துப்போகும். இன்னும் வளைத்தால் ஒடிந்துவிடும். தட்டும்போது நடப்பதும் இதுதான். அடி விழ விழச் செம்பு கடினமாகும். கத்திக்கு அது நல்லது. ஆனால், அளவு மீறினால் ஓரங்களில் விரிசல் விடும்.

அந்த இடத்தில்தான் நெருப்பு வருகிறது. உருகும் அளவுக்கு அல்ல, சில நூறு டிகிரி சூடு போதும். செம்புக்குள் நசுங்கிப்போன படிகங்கள் கலைந்து புதிதாக வளரும். உலோகம் மறுபடி இளகும். திரும்பத் தட்டலாம். எப்போது நெருப்பில் இட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்ல வெப்பமானி கிடையாது. நிறமும் சத்தமும் கைக்குத் தெரியும் விறைப்பும்தான் அளவுகள். பெரிய பொருள் வேண்டுமானால், சின்னத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ரிவெட் அடித்து இணைத்தார்கள். அந்த ரிவெட்டும் செம்பில்தான்.

இதெல்லாம் எப்படித் தெரியும்?

பொருளில் ஒரு துணுக்கை எடுத்து, மெருகேற்றி, அமிலம் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் உலோகம் தன் சரித்திரத்தைக் காட்டிவிடும். வார்த்த செம்பில் மரக்கிளைபோன்ற அமைப்பு தெரியும். தட்டிய செம்பில் படிகங்கள் நீண்டு நசுங்கியிருக்கும். தட்டியபின் சூடேற்றியிருந்தால், படிகங்களுக்குள் நேர்கோட்டுப் பட்டைகள் தெரியும். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் உலோகவியலாளர் உர்சுலா ஃபிராங்க்ளின், மேற்கு ஆர்க்டிக்கின் செம்புப் பொருட்களைச் சக ஆய்வாளர்களுடன் இப்படி ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டார்.

அடுத்த கேள்வி, செம்பு யாருடையது? 1853-ல் ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்ற பிரிட்டிஷ் கப்பலை, பனியில் சிக்கியதால், பேங்க்ஸ் தீவின் மெர்சி விரிகுடாவில் கைவிட்டுப் போனார்கள். அதன்பின் பல ஆண்டுகள் இனுயின்னைட் மக்கள் அங்கு போய் இரும்பு, செம்பு, மரம் என வேண்டியதை எடுத்துவந்தார்கள். ஆகவே, ஒரு செம்புக் கத்தி ஆற்றங்கரைச் செம்பா, கப்பல் செம்பா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இயற்கைச் செம்பில் கலப்பு மிகக் குறைவு. அந்தக் கால ஐரோப்பியச் செம்பில் ஆர்சனிக், ஈயம் போன்றவை எட்டிப்பார்க்கும். துத்தநாகம் இருந்தால் அது பித்தளை, வெளியிலிருந்து வந்ததுதான். பொருளை வெட்டாமலே எக்ஸ்ரே கருவியால் இதைச் சோதிக்க முடிகிறது.

இதைவிடச் சுவாரசியம், கிடைக்காத உலோகத்தைக் கண்டுபிடிக்கும் வழி. இனுயிட் மக்களின் முன்னோரான தூலே பண்பாட்டு இடங்களில் கொம்பு, தந்தக் கைப்பிடிகள் கிடைக்கின்றன. அலகு மட்டும் இல்லை. ஆனால், அலகு செருகிய பிளவை அளந்தால், பல கைப்பிடிகளில் அது கல் அலகு நுழைய முடியாத அளவுக்கு மெல்லியது. அப்போ அங்கே இருந்தது உலோகம்தான். அந்த உலோகம் எங்கே போனது? யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை. தேய்ந்த பெரிய கத்தி சின்னக் கத்தியாகும். அது உடைந்தால் ஊசியோ ரிவெட்டோ ஆகும். மண்ணில் குறைவாகக் கிடைப்பது, வீணாக்காததன் அடையாளமாகவும் இருக்கலாம்.

கம்பெனி தேடியதும் கிடைத்ததும்

1771-ல் ஹட்சன் பே கம்பெனியின் சாமுவேல் ஹேர்ன், வடக்கே செம்பு குவிந்து கிடக்கிறது என்ற தகவலை நம்பி, சிப்பிவயன் தலைவர் மட்டோனபியின் வழிகாட்டலில் காப்பர்மைன் ஆற்றுக்கு நடந்தே போனார். வழியில், அவருடன் வந்தவர்கள் அருவியருகே தூங்கிக்கொண்டிருந்த இனுயிட் மக்களைக் கொன்றார்கள். அந்த இடத்துக்கு ‘பிளடி ஃபால்ஸ்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. பிறகு செம்பு கிடைக்கும் இடத்தில் மணிக்கணக்கில் தேடியும், சொல்லிக்கொள்ளும்படி ஹேர்னுக்குக் கிடைத்தது சுமார் 4 பவுண்டு எடையுள்ள ஒரே ஒரு கட்டி.

கம்பெனிக்கு அது தோல்வி. கப்பல் நிரப்ப வந்தவருக்கு 4 பவுண்டு ஒன்றுமே இல்லை. ஆனால், தட்டி, சூடேற்றி, மிச்சத்தையும் ரிவெட் ஆக்கத் தெரிந்த குடும்பத்துக்கு அதே கட்டி பல ஆண்டுக் கருவிகள். ஒரே செம்பு, இரண்டு கணக்கு. நாம் பாடத்தில் படித்தது கம்பெனிக் கணக்கை மட்டும்தான்.

‘இரும்பு வந்ததும் செம்பை விட்டுவிட்டார்களே, அப்போ அது மட்டமானதுதானே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரும்பின் கூர்மை அதிக நாள் நிற்கும்; அதை அவர்களும் அறிந்தே தேர்ந்தெடுத்தார்கள். 1914 முதல் 1916 வரை அவர்களுடன் வாழ்ந்த மானுடவியலாளர் டயமண்ட் ஜென்னஸ் காலத்திலேயே இந்த மாற்றம் தொடங்கிவிட்டிருந்தது. ஆனால், புதிய பொருள் வந்ததும் அதைச் சட்டெனக் கையாள முடிந்ததற்குக் காரணமே, பழைய பொருளில் பழகிய கைதான்.

ஃபிராங்க்ளின் 1989-ல் ஆற்றிய உரைகளில் தொழில்நுட்பத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்றில், தொடக்கம் முதல் முடிவு வரை முடிவெடுப்பவர் செய்பவரே. மற்றொன்றில், வேலை துண்டு துண்டாகி ஆளுக்கொரு பங்கு. முடிவு மேலிருந்து வரும். பண்டைய சீனாவின் பிரமாண்ட வெண்கல வார்ப்பை அவர் இரண்டாவது வகைக்கு உதாரணம் காட்டினார். முதல் வகைக்கு இனுயின்னைட் செம்பு வேலை கச்சிதமாகப் பொருந்தும். டிக்கெட், டார்கெட், டேஷ்போர்டு என வேலை பார்க்கும் தலைமுறைக்கு, எது ‘முன்னேறியது’ என்ற கேள்வி அத்தனை சுலபமானதா?

ஜென்னஸ் சேகரித்த பொருட்கள் இன்று ஆர்க்டிக்கிலிருந்து வெகு தொலைவில், கனடிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைச் செய்தவர்களின் வாரிசுகள் நுனாவுட்டின் கேம்பிரிட்ஜ் பே, குக்லுக்டுக் போன்ற ஊர்களில் தங்கள் இனுயின்னக்டுன் மொழியையும் கைவேலையையும் காப்பாற்றப் போராடுகிறார்கள். ஒரு துணுக்கை வெட்டிச் சோதிப்பதா வேண்டாமா, பொருளுக்கு அருகே என்ன எழுதிவைப்பது என்ற முடிவுகளில் அவர்களுக்கும் இடம் வேண்டும். ‘உருக்கத் தெரியாதவர்கள்’ என்பதற்குப் பதிலாக ‘உருக்காமலே செய்து முடித்தவர்கள்’ என்று எழுதினால், அது கரிசனம் அல்ல. நுண்ணோக்கி காட்டும் உண்மை அதுதான்.