மீண்டும் மீண்டும் ‘சைனஸ்’: வேரில் இருப்பது ஒவ்வாமையா?

“எனக்குப் பத்து ஆண்டுகளாகச் சைனஸ் இருக்கிறது, டாக்டர்” என்று சொல்லியபடியே பலர் எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வருகின்றனர். கையில் பழைய மருந்துச் சீட்டுகள். அவற்றில் மீண்டும் மீண்டும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள்.

சைனஸ் என்பது நோயின் பெயரன்று. நெற்றியிலும் கன்னங்களிலும் மூக்கைச் சுற்றியும் நம் அனைவருக்கும் அமைந்துள்ள காற்றறைகளே அவை. அங்கே சுரக்கும் சளி, சிறு துளைகள் வழியே மூக்கினுள் வடிகிறது. துளைகள் அடைபட்டுச் சளி தேங்கினால் தொற்றுக்கு இடமாகிறது.

அடைப்பது எது என்பதே முதற்கேள்வி. வைரஸால் வரும் ஜலதோஷமும் அடைக்கும். பெரும்பாலும் 10 நாட்களுக்குள் தானே தணியும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது மட்டும் பாக்டீரியாத் தொற்றுக்குச் சான்றாகாது. ஆனால் தொல்லை அடிக்கடி திரும்பி வருவோர் பலரிடம் ஒவ்வாமை மறைந்திருக்கக் காண்கிறோம். காலையில் அடுக்குத் தும்மல், மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு, ஒட்டடை அடித்தால் கூடும் அவதி ஆகியவை அதன் அடையாளங்கள். ஒவ்வாமையால் மூக்கின் உட்சவ்வு வீங்கித் துளைகளை நெருக்குகிறது. அவ்வீக்கத்தை ஆன்டிபயாட்டிக் தணிப்பதில்லை.

10 நாட்களுக்குப் பின்னும் குறையாத தொற்றுக்கும், குறைந்து மீண்டும் கடுமையாகும் தொற்றுக்கும் ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். ஒவ்வொரு மூக்கடைப்புக்கும் அதையே நாடுவது தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. இதில் மருத்துவர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. நெரிசல் மிகுந்த நேரத்தில், விசாரிப்பதைவிட மருந்து எழுதுவது எளிது.

ஸ்டீராய்டு என்ற சொல்லுக்கு அஞ்சி, மூக்கு ஸ்பிரேயை இரண்டே நாளில் நிறுத்திவிடுவோர் உண்டு. அது உடலில் கலக்கும் அளவு மிகக் குறைவு; முழுப் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மாறாக, உடனே அடைப்பை நீக்கும் சொட்டு மருந்தைப் பல நாட்கள் தொடர்ந்தால் அடைப்பு முன்னிலும் மிகும். தலையணை உறைகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைப்பது தூசு உண்ணிகளைக் குறைக்கும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவோர் கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்துக.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், தாங்கவியலாத தலைவலி, கழுத்து விறைப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வருக.

அடுத்த முறை வரும்போது, “சைனஸ்” என்பதோடு நிறுத்தாமல், எப்போது, எங்கே, எதனால் தொல்லை கூடுகிறது என்பதையும் குறித்து வாருங்கள். அக்குறிப்பிலிருந்தே எங்கள் சிகிச்சை தொடங்கும்.