அகஸ்தியர் மலைக்குப் பெண் ஆகாதா?

திருநெல்வேலி ஜில்லாவுக்கும் திருவனந்தபுரம் ஜில்லாவுக்கும் எல்லையாய் நிற்கும் அகஸ்தியர் மலையைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் நமது நாட்டில் சிலரே இருக்கக் கூடும். அதன் உயரம் 1,868 மீட்டர், அதாவது ஆறாயிரத்து நூறு அடிக்குச் சிறிது மேல். வருஷத்தில் மகர மாதம் தொடங்கிச் சில வாரங்கள் மட்டும் காட்டு இலாகாவார் சீட்டுக் கொடுத்து, வழிகாட்டி ஒருவரைக் கூட்டி, ஜனங்களை மலைக்கு அனுப்புகின்றார்கள். கேரளப் பக்கம் போனக்காடு என்னும் இடத்திலிருந்து ஒருநாள் நடந்து அதிருமலைக் கொட்டகையில் தங்கி, மறுநாள் காலையில் புறப்பட்டால் உச்சியைத் தொட்டுவிட்டு அன்றைக்கே கொட்டகைக்குத் திரும்பிவிடலாம். அந்த ஒருநாள் ஏற்றத்தில் நாம் கண்டதையும், அதைக் கொண்டு நமக்குத் தோன்றியதையுமே இங்கு எழுதுகின்றோம்.

நம்முடன் வந்தவர்களில் ஒரு பக்திமான் இருந்தார். நெற்றி நிறைய விபூதி. வாய் நிறைய "அகஸ்தியா". ஐம்பது வயதுள்ள ஓர் உபாத்தியாயினி அம்மாளும் வந்திருந்தார். பக்திமானுக்கு அந்த அம்மாள் வந்தது பிடிக்கவில்லை. அகஸ்தியர் பிரமச்சாரியாம், ஆகையால் அவர் மலையில் பெண் வாடை படலாகாதாம், பட்டால் ஏதேனும் கேடு வருமாம். இதை அவர் அம்மாள் காதில் விழும்படியாகவே வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மாள் பதில் சொல்லவில்லை. பேசுகிற மூச்சை ஏறுவதற்கு வைத்துக்கொண்டார்.

பொங்காலைப் பாறை தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. அங்கே மரங்களெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் வளரமாட்டாமல் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து நிற்கின்றன. பாறைச் சரிவுகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். மேகம் வந்து மூடினால் முன்னால் போகிறவருடைய முதுகு தெரிவதில்லை. அப்பேர்ப்பட்ட இடத்தில் நமது பக்திமான் "அகஸ்தியா" என்பதை நிறுத்திவிட்டு "காணிக்காரரே, காணிக்காரரே" என்று கூப்பிட ஆரம்பித்தார். வழிகாட்டியாக வந்த காணி இளைஞர் இறங்கி வந்து, இந்தக் கல்லில் கால் வை, அந்தக் கல்லை நம்பாதே என்று சொல்லி அவரைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டார். உபாத்தியாயினி அம்மாளோ வழிகாட்டி காட்டிய கல்லிலெல்லாம் காலை வைத்துத் தாமே ஏறிவிட்டார்.

உச்சியில் அகஸ்தியர் சிலை ஒன்று இருக்கின்றது. பக்திமான் அங்கே இன்னும் கொஞ்ச நேரம் ஜபம் செய்யவேண்டும் என்றார். வழிகாட்டி காற்றைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், உடனே இறங்கவேண்டும் என்றார். பக்திமான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் எல்லாருக்கும் முன்னதாக இறங்கினார்! சிலைக்கு அடியில் இருக்கும்போதுகூட, உயிர் என்று வந்தவுடனே, அகஸ்தியர் பேச்சை விடக் காணிக்காரர் பேச்சையே கேட்டார். இதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. புத்தியுள்ள காரியம் என்றுதான் சொல்லுகின்றோம். மலையில் வந்த அந்தப் புத்தி கீழே இறங்கியதும் எங்கே போய்விடுகின்றது என்பதுதான் நமது கேள்வி.

நிற்க, இந்த அகஸ்தியர் யார்? குடத்தில் பிறந்தவராம், சமுத்திரத்தைக் குடித்தவராம். சிவன் கலியாணத்துக்குத் தேவர்களெல்லாம் வடக்கே கூடியதால் பூமி வடக்கே தாழ்ந்து தெற்கே உயர்ந்துவிட, அதைச் சமன் செய்வதற்காகத் தனி ஆளாகத் தெற்கே வந்தவராம். முப்பத்து முக்கோடி தேவர்களின் பாரத்துக்கு ஈடு கொடுத்த ஒருவருக்கு, ஒரு பெண் பிள்ளையின் காலடிக்கு ஈடுகொடுக்கத் தெம்பில்லையா? சரி, பிரமச்சாரி என்கிறார்களே, அதாவது நிஜமா? பாரதத்தைப் புரட்டிப் பாருங்கள். விதர்ப்ப ராஜகுமாரி லோபாமுத்திரை அவருடைய பெண்சாதி. அவர்களுக்குப் பிள்ளையும் உண்டு. ரிக் வேதத்திலேயே இருவரும் பேசிக்கொள்ளும் ஒரு பகுதி இருக்கின்றது. அது என்ன பேச்சு என்பதை வைதீகர்களே படித்துச் சொல்லட்டும். பெண்டாட்டியும் பிள்ளையும் உள்ள ஒருவரைப் பிரமச்சாரியாக்கி, அந்தப் பொய்ப் பிரமச்சரியத்தைக் காப்பதற்காக நமது தாய்மாரையும் தங்கைமாரையும் மலை அடிவாரத்தில் நிறுத்தி வைப்பதென்றால், இது புராணத்துக்குக்கூட விரோதமல்லவா?

அந்த மலையில் உட்கார்ந்து உலகத்துக்கு உபயோகமான காரியம் செய்த ஒருவரை நாம் சொல்லுகிறோம். அவர் பெயர் ஜான் ஆலன் பிரௌன். ஸ்காட்லாந்து தேசத்தவர், திருவிதாங்கூர் மகாராஜாவின் வான ஆராய்ச்சிச் சாலைக்குத் தலைவராயிருந்தவர். அவர் 1855-ம் வருஷத்தில் இந்த மலைமேல் ஓர் ஆராய்ச்சிச் சாலை கட்டினார். காந்த ஊசி நாளுக்கு நாள், நேரத்துக்கு நேரம் எவ்வளவு திரும்புகின்றது என்று மலைமேலும் திருவனந்தபுரத்திலுமாக அளந்து ஒத்துப் பார்க்கச் செய்தார். அந்தக் கணக்கெல்லாம் 1874-ல் புஸ்தகமாகவும் வந்தது. அத்தனை காற்றிலும் மழையிலும் மனிதர்கள் கருவியோடு உட்கார்ந்து எழுதிய கணக்கு அது. மலைமேல் தவம் என்று ஒன்று நடந்திருக்குமானால் அதையல்லவா தவம் என்று சொல்லவேண்டும்? ஆனால் பிரௌன் பெயர் நம்மவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தாமிரபரணியும் அகஸ்தியர் கமண்டலத்தில் இருந்து வந்ததென்கிறார்கள். தாமிரபரணி அந்த மலைத்தொடரில் பிறப்பது வாஸ்தவம். எப்படிப் பிறக்கின்றது? மேல்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு ஆனி ஆடியில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இம்மலையில் முட்டி மேலே எழும்புகின்றது. எழும்பினால் குளிர்கின்றது, குளிர்ந்தால் மழையாய்க் கொட்டுகின்றது. ஐப்பசி கார்த்திகையில் கீழ்க்கடல் பக்கமிருந்து வரும் வடகிழக்குப் பருவக்காற்றும் அதே போல் மழை தருகின்றது. இரண்டு பருவத்து மழையையும் காடும் புல்வெளியும் உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாய்க் கசிய விடுகின்றன. நம்மைப் பாறையிலிருந்து தள்ளப் பார்த்த அந்தக் காற்றுதான் திருநெல்வேலிச் சீமைக்குச் சோறு போடுகின்றது. காட்டை வெட்டினால் ஆறு வற்றும். பெண் ஏறினால் வற்றாது.

இனிக் காணிக்காரர் விஷயம். 1987-ம் வருஷத்தில் சில விஞ்ஞானிகள் செடி கொடிகளைப் பற்றி ஆராய இந்தக் காட்டுக்குள் போனார்கள். படித்தவர்களெல்லாம் களைத்துச் சாய்ந்துவிட, வழிகாட்ட வந்த காணி இளைஞர்கள் மாத்திரம் களைப்பில்லாமல் நடந்தார்கள். காரணம் என்னவென்று பார்த்தால், அவர்கள் ஒரு சிறு செடியின் காயைத் தின்றுகொண்டே நடந்திருக்கிறார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து செய்யப்பட்டது. அதைச் செய்யும் உரிமையை ஒரு கம்பெனிக்குக் கொடுத்து, அதில் வரும் பணத்தில் பாதி காணிக்காரருக்கு என்று ஏற்பாடாகி, 1997-ல் அவர்கள் பேரால் ஒரு டிரஸ்டும் ஏற்பட்டது. அகஸ்தியர் வைத்திய சாஸ்திரத்துக்கே தலைவர் என்கிறார்கள். அவர் மலையில் களைத்து விழுந்தவர்களுக்கு மருந்து கொடுத்தது அகஸ்தியரா, தலைமுறை தலைமுறையாய்க் காட்டைத் தின்று பார்த்து, தொட்டுப் பார்த்து, தெரிந்துவைத்திருந்த காணிக்காரரா?

இப்போது பெண்கள் சங்கதிக்கு வருவோம். முன்பெல்லாம் காட்டு இலாகாவின் நிபந்தனையிலேயே பெண்களுக்கு அனுமதி இல்லை என்றிருந்தது. பெண்கள் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2018 நவம்பரில் கேரள ஹைகோர்ட்டார், பெண் என்ற காரணத்துக்காக மலையேற்றத்தைத் தடுக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற அம்மையார், அத்தீர்ப்புக்குப் பின் முதல் பெண்ணாக உச்சியை அடைந்தார். மலை இடிந்ததா? காற்று நின்றதா? தாமிரபரணிதான் வற்றியதா? வற்றாதது மட்டுமல்ல, 2023 டிசம்பரில் கரை கொள்ளாமல் வெள்ளமே வந்தது. உடனே வைதீகர்கள், பார்த்தீர்களா, அதுதான் தண்டனை என்பார்கள்! வற்றினால் பெண்ணால் வற்றியது. பெருகினால் பெண்ணால் பெருகியது. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, சபரிமலையில் பெண்கள் நுழைவதைப் பற்றிய வழக்கோடு அதை முடிச்சுப் போட்டுப் பேசிய பெரிய மனிதர்களும் இருந்தார்கள். அந்த வழக்கில் தீர்ப்பு வந்ததோ செப்டம்பர் 28-ல்! பெண் மலை ஏறுவதற்கு முன்னமேயே, ஏறலாம் என்று தீர்ப்பு வருவதற்கும் முன்னமேயே, தண்டனை கொடுத்துவிடுகிற கடவுளை நாம் எந்தக் கோர்ட்டில் கேட்பது?

சிலர் வேறொரு நியாயம் சொல்லுகிறார்கள். பெண்கள் வேண்டாம் என்பது காணிக்காரரின் பழைய வழக்கம், அதை மதிக்கவேண்டாமா என்கிறார்கள். 2019-ல் காணிக்காரர் சிலர் போனக்காட்டில் உட்கார்ந்து ஆட்சேபித்ததும் உண்மையே. அதை நாம் மறைக்கவில்லை. அந்தக் காடு அவர்களுடைய வீடு. அதில் அவர்களுக்குள்ள நிலத்தையும், காட்டுப் பொருளையும், வழிகாட்டும் வேலைக்கு உரிய கூலியையும் யார் பறித்தாலும் நாம் காணிக்காரர் பக்கமே நிற்போம். ஆனால் நகரத்துப் பக்திமான்களை ஒன்று கேட்கின்றோம். காணிக் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, பிரசவ வேதனைப்படும் காணிப் பெண்ணை டோலி கட்டித் தூக்கவேண்டும் என்றெல்லாம் வந்தபோது ஒருநாளாவது வாய் திறந்தீர்களா? பெண்ணைத் தடுப்பதற்கு மாத்திரமா உங்களுக்குக் காணிக்காரரின் வழக்கம் வேதமாய்ப் போய்விட்டது? நம்மோடு வந்த காணி இளைஞர் உபாத்தியாயினி அம்மாளுக்கும் வழி காட்டினாரே, அவருக்கு என்ன குறைந்துவிட்டது? வழக்கம் மாறும்; மாறாதது சுயநலம் ஒன்றே.

இன்னும் சிலர், பெண்களுக்கு ஆபத்து என்கிறார்கள். ஆபத்து எல்லாருக்கும் உண்டு. 2018 மார்ச்சில் தேனி ஜில்லா குரங்கணி மலையில் காட்டுத் தீயில் அகப்பட்டு 23 பேர் மாண்டார்கள். ஆணும் மாண்டார், பெண்ணும் மாண்டார். தீ ஆண் பெண் பார்த்ததா? அதிலிருந்து கற்கவேண்டிய பாடம், சீட்டு வாங்கு, பருவம் பார், வழி தெரிந்தவனோடு போ என்பதேயல்லாமல், பெண்ணை வீட்டில் பூட்டு என்பதல்ல.

ஜப்பானில் புஜி மலை 3,776 மீட்டர். அங்கும் பெண் ஏறினால் தீட்டென்று தடுத்திருந்தார்கள். 1832-ல் தகயாமா தட்சு என்ற பெண் ஆண் வேஷம் போட்டுக்கொண்டு ஏறினார். 1872-ல் ஜப்பான் சர்க்கார் அந்தத் தடையையே எடுத்துப்போட்டது. 1975-ல் உலகத்திலேயே முதல் பெண்ணாக எவரெஸ்ட் சிகரத்தை மிதித்தவர் அதே ஜப்பானைச் சேர்ந்த ஜுன்கோ தபெய். 2023-ல் நமது தமிழ்நாட்டு முத்தமிழ்ச்செல்வி, இரண்டு குழந்தைகளுக்குத் தாயானவர், எவரெஸ்ட் ஏறினார். 8,848 மீட்டர் ஏறிய தமிழ்ப்பெண் இருக்க, கோயமுத்தூர் வெள்ளியங்கிரியில் சிறு பெண்களும் கிழவிகளும் தவிர மற்றவர்கள் ஏறலாகாது என்று சொல்லும் வழக்கத்தை இன்னமும் வைத்துக்கொண்டிருப்பது யாருக்கு அவமானம்? எவரெஸ்டில் தீட்டாகாத கால் வெள்ளியங்கிரியில் எப்படித் தீட்டாகும்?

தோழர்களே! மலைக்கு நீங்கள் போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவசியம் போங்கள். நோயாளிகளும் சிறு குழந்தைகளும் தவிர யாரையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பெண்சாதியைக் கூப்பிடுங்கள்; பெண்ணைக் கூப்பிடுங்கள்; தாயாருக்குத் தெம்பிருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். காணிக்காரருக்குக் கூலியைக் குறையாமல் கொடுத்து, அவர் சொல்லுகிறபடி காலை வையுங்கள். உச்சியில் நின்று இரண்டு பக்கத்துச் சீமையையும் பாருங்கள். நாம் நின்றபோது அந்தக் காற்று ஆண் தலை வேஷ்டியையும் பெண் முந்தானையையும் ஒன்றுபோலவே அடித்தது. காற்றுக்குத் தெரிந்த நியாயம் மனிதனுக்குத் தெரிய இன்னும் எத்தனை வருஷம் ஆகவேண்டும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.